பெயர் சொல்லாத மூன்று வெள்ளித் துண்டுகள்

03.02.2025, திங்கள்

பொதி வந்துவிட்டது. கொழும்பில் சுங்கக்காரர் பிரித்துப் பார்த்து, ஏமாந்து, திரும்ப ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். கிளிநொச்சித் தபாற்கந்தோரிலிருந்து சிறாஜின் சைக்கிள் கரியரில் லாபுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே மூன்று துண்டுகள். ஒவ்வொன்றும் என் சின்னவிரல் நுனியளவு. வெள்ளிதான், ஆனால் தனி வெள்ளி இல்லை. ஒவ்வொன்றிலும் இன்னோர் உலோகம் கலந்திருக்கிறது. என்ன உலோகம், எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள். அதுதான் பரீட்சை.

“இதை அடகு வைச்சா ஆளுக்கொரு ரோல்ஸும் பிளேன்ரீயும் வரும்,” என்றான் சிறாஜ். அவனும் என்னைப்போல ஆராய்ச்சி உதவியாளன். இந்தப் பொறியியல் பீடத்தில் உலோகத்தைப் பற்றிக் கவலைப்படும் ஆட்கள் மொத்தம் மூன்று பேர்: அவன், நான், எங்கள் தலைவி சுரேகா மிஸ்.

ஒவ்வொரு துண்டையும் உருக்கி, எந்த வெப்பநிலையில் உறையத் தொடங்குகிறது, எந்த வெப்பநிலையில் உறைந்து முடிகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு பாகைக்குள் சரியாக வந்தால் ஜெர்மனியில் இருக்கும் ஆய்வுக்குழு எங்களையும் சேர்த்துக்கொள்ளும். மூன்று வருட வேலை: மொலிப்டினம், பலேடியம். ஒன்று லேசில் உருகாது. மற்றது தங்கத்தோடு சேர்த்து வைக்கும் விலை. இரண்டையும் எந்த அளவில் கலந்தால், எந்தச் சூட்டில், உள்ளே என்ன நிலையில் இருக்கும் என்று காட்டுவது அவத்தை வரைபடம். அதில் ஒரு மூலை எங்களுக்குக் கிடைக்கும்.

என் வேலை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது; பிழை விட்டால் அது நீளாது. அவ்வளவுதான் கதை. விடை அனுப்பக் கடைசி நாள் மார்ச் 20.

05.02.2025, புதன்

இன்று சுத்த வெள்ளியை வைத்துக் கருவியைச் சரிபார்த்தோம்.

எங்கள் கருவி என்பது இரண்டு வேறு உலோகக் கம்பிகள். வெப்பவிணை. ஒரு முனை உலைக்குள், உருகிய வெள்ளியில். மற்ற முனை ஒரு பிளாஸ்குக்குள், ஐஸும் தண்ணீரும் சேர்ந்த கூழில். கம்பிக்கு உண்மையில் சூடு தெரியாது. இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும். குளிர்முனை பூச்சியத்தில் நின்றால்தான் சூட்டுமுனை சொல்வதை நம்பலாம். இதையெல்லாம் தானாகச் செய்யும் பெட்டி ஒன்று எங்களிடமும் இருந்தது. திருத்தக் கொழும்புக்குப் போய் ஒரு வருடமாகிறது. பெட்டிக்கும் கொழும்பு பிடித்துவிட்டது போல.

கணினித் திரையில் கோடு சறுக்கிச் சறுக்கி இறங்கியது. பிறகு நின்றது. படுத்துவிட்டது! வெளியே சூடு குறைந்துகொண்டே போகிறது, வெள்ளி மட்டும் இறங்கமாட்டேன் என்று நிற்கிறது. உறையும்போது தனக்குள் இருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. அது தீரும்வரை ஒரே இடம். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது.

961.6. புத்தகம் 961.8 என்கிறது.

நான் கத்தியதில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது.

06.02.2025, வியாழன்

வெளிநாட்டு அறக்கட்டளைக்காரர் பீடம் பார்க்க வந்தார்கள். லாபுக்குள் வந்த ஒரு அன்ரி என் தோளில் கைவைத்து, “யுத்த நேரம் எங்கையம்மா இருந்தனீங்கள்?” என்றார்.

“அப்ப எனக்குப் பத்து வயசு அன்ரி. பலேடியத்தைப் பற்றிக் கேளுங்கோ, நல்லாச் சொல்லுவன்.”

அவருக்கு முகம் வாடிவிட்டது. “எந்த ஊர்?”

“ஸ்கந்தபுரம்.”

“அதுக்கு முன்னம்?”

“அதுக்கு முன்னம் அம்மான்ர வயிறு.”

சுரேகா மிஸ் என் கையைக் கிள்ளினார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார், எனக்குக் கேட்டது.

‘அதுக்கு முன்னம்’ என்றால் ‘தேயிலைத் தோட்டமா?’ என்று அர்த்தம். அப்பாவின் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்தில் அடிவாங்கி இங்கே வந்தவர்கள். அப்பா காடு வெட்டிய காணியில் நான் பிறந்தேன். அந்தக் காணிக்கு இன்னும் உறுதிப் பத்திரம் இல்லை. கேள்விக்கு மட்டும் ஓய்வில்லை.

இந்த மாவட்டத்துக்கு உதவியாக வந்த கோழிக்குஞ்சுகளை வரிசையாக விட்டால் ஓமந்தைவரை போகும். ஓர் உலை வந்ததாக நான் அறியவில்லை.

09.02.2025, ஞாயிறு

நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. தெற்கே எங்கோ ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் ஏறியதாம்.

“நம்ம ஊர்ல எத்தன கொரங்கு இருக்கு, ஒன்னு இந்த மாதிரி ஏதாச்சும் செஞ்சிருக்கா?” என்கிறார் அப்பா. பெருமையா, குறையா, தெரியவில்லை.

10.02.2025, திங்கள்

கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் லாப் பிரிட்ஜ் செத்துவிட்டது. உலை தப்பியது; அதற்கு ஆயிரம் கும்பிடு. ஆனால் ஐஸ்?

மிஸ் தன் வீட்டில் உறையவைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார். ஆனால் அவருக்குக் கிழமையில் ஏதாவது இரண்டு நாள் யாழ்ப்பாணத்தில் விரிவுரை. அந்த நாட்களுக்குச் சிறாஜ் பொறுப்பேற்றான். அவனுடைய வாப்பா முத்தலிப் முல்லைத்தீவில் மீன் வியாபாரி. அவருடைய லொறி புதுக்குடியிருப்பு, பரந்தன் என்று கிளிநொச்சிச் சந்தைக்கு வரும். “ஐஸுக்கு எங்கட வீட்டில என்ன பஞ்சம்? மலை மாதிரிக் கிடக்கு,” என்றான்.

பிரச்சினை தீர்ந்தது. குரங்கே, போய் வா.

19.02.2025, புதன்

முதலாவது துண்டு: 1071இல் உறையத் தொடங்கியது. அழகான திருப்பம். உறைந்து முடியும் இடத்தை ஆறவிட்டுப் பார்க்க முடியாது, மழுப்பிவிடும். திரும்ப மெல்லச் சூடாக்கி, முதல் துளி எங்கே உருகுகிறது என்று பார்க்க வேண்டும். அது 1032. எழுதிவைத்துவிட்டு மிஸ்ஸுக்குக் காட்டினேன். “வடிவாயிருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வருடத்துக்கு ஒருமுறை வரும்.

21.02.2025, வெள்ளி

அதே துண்டு. அதே உலை. 1076.

24.02.2025, திங்கள்

1076.

25.02.2025, செவ்வாய்

1071! என்ன விளையாட்டு இது?

28.02.2025, வெள்ளி

இரண்டாம் துண்டும் இதே கூத்து. மூன்றாவதும். ஒருநாள் ஒன்று, இன்னொரு நாள் ஐந்து பாகை கூட. நடுவில் ஒன்றும் இல்லை. இதுதான் என்னை எரிக்கிறது. கை நடுங்கினால் எண் எல்லாப் பக்கமும் சிதறும். இது சிதறவில்லை. இரண்டு முகம் காட்டுகிறது.

மின்னழுத்தமா? மீட்டரைப் பிடித்துப் பார்த்தேன், இல்லை. வெள்ளியைப் போடும் மண்கிண்ணமா? மாற்றினேன், இல்லை. கம்பி பழுதா? சுத்த வெள்ளியை மறுபடி உருக்கினேன். 961.7 என்று பிள்ளைபோல் பதில் சொன்னது.

“ஜின் புகுந்திட்டுது,” என்கிறான் சிறாஜ். “வெள்ளிக்கிழமை பாத்து வருது. மார்க்கப்பற்றுள்ள ஜின்.”

“திங்கட்கிழமையும் வந்ததே?”

“அது இந்து ஜின்.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகும் ஐந்து பாகை ஐந்து பாகையாகவே இருக்கிறது.

02.03.2025, ஞாயிறு

வீட்டில். அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டார்: “வவுனியாவுல இருந்து அந்த மாப்புள வீட்டுக்காரங்க கேக்குறாங்க. புள்ள என்னா வேலன்னு சொல்றது?”

“வெள்ளி உருக்குறான்னு சொல்லுங்க.”

“நகக் கடையிலயா?”

“இல்ல, கம்பஸ்ல.”

“உருக்கி?”

“ஆறவிடுவேன்.”

“அப்புறம்?”

“மறுபடி உருக்குவேன்.”

அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நா கணக்குப் பாக்குற வேலன்னு சொல்லிக்கிறேன்.”

அப்பா விறாந்தையிலிருந்து, “சும்மா இரு சுப்பம்மா. அது என்னமோ பெரிய விசயம். ஜெர்மன்காரனே கேட்டிருக்கான்,” என்றார். அப்பாவுக்கு என்னவென்று தெரியாது. ஆனால் வழியில் பார்க்கும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். ‘மாயாண்டி மக ஜெர்மனிக்குப் போகுதாம்’ என்று ஊரில் கதை. நான் எங்கும் போகவில்லை. இங்கேயே இருந்து செய்வதற்குத்தான் இந்தப் பாடு.

06.03.2025, வியாழன்

ஆடைத் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். தரம் பார்க்கும் மேற்பார்வையாளர் வேலை. நான் எப்போதோ விண்ணப்பித்தது. விண்ணப்பத்தில் என் பொறியியல் பட்டத்தைப் பார்த்துவிட்டு, போனில் பேசிய பெண் ‘பெரிய படிப்பெல்லாம் படிச்சிருக்கிறீங்கள், பொத்தான் பாக்க அலுக்காதோ?’ என்று நேராகவே கேட்டாள். நல்ல கேள்வி. ஏப்ரல்வரை யோசிக்கச் சொன்னாள்.

பொத்தான் பார்ப்பதில் இழிவில்லை. அங்கே நிற்கும் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனால் ஒரு மாவட்டத்துக்கே ‘உங்களுக்குத் தையல் போதும்’ என்று யார் முடிவெடுத்தது? அவனைக் கண்டால் கேட்பேன்.

07.03.2025, வெள்ளி

மிஸ்ஸுடன் வாக்குவாதம். ஆவரேஜ் எடுத்து அனுப்பலாம் என்கிறார். முதலாவதுக்கு 1073.5.

“மிஸ், அந்தச் சூட்டில ஒண்டுமே நடக்கேல்ல. ஒரு நாளும் நாங்கள் அதைக் காணேல்ல.”

“ரெண்டுக்கும் நடுவில தானே உண்மை இருக்கும்?”

“ஒரு ஆள் வவுனியாவில நிக்கிறார் எண்டு ஒருத்தன் சொல்லுறான், முல்லைத்தீவில எண்டு மற்றவன் சொல்லுறான். நடுவில காட்டுக்க போய்த் தேடுவமே?”

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான். “உம்மட வாய்க்கு ஒரு புடம் போட வேணும் தர்மிளா,” என்றார்.

10.03.2025, திங்கள்

மிஸ் அனுப்பிப்போட்டா. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் ஆவரேஜை அனுப்பிப்போட்டா! கடைசி நாளில இன்ரநெற் வேலை செய்யாட்டி என்ன செய்யிறது எண்டு பயமாம். பத்து நாள் இருக்கு. பத்து நாள்! ஏன் இந்தப் பயம் எங்களுக்கு? வாசலில் நிற்கிறவர் உள்ளே கூப்பிட முதலே செருப்பைக் கழற்றிக் கையில் வைச்சுக்கொண்டு நிக்கிற பழக்கம். யாரும் துரத்த முதல் நாங்களே போக ரெடி.

எழுதிவிட்டேன். கொஞ்சம் ஆறிவிட்டது.

இல்லை, ஆறவில்லை.

12.03.2025, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடை போய்விட்டாலும் நான் விடவில்லை. சிறாஜும் விடவில்லை. நோன்போடு நாள் முழுக்க உலைக்கு முன்னால் நின்றான். மூன்றாம் துண்டு மறுபடி ஐந்து பாகை கூடக் காட்டியது. பொழுதுபட்டது. அவன் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் எடுத்தான். நான் பாவம் பார்த்து, என்னிடம் இருந்த தேசிக்காயைப் பிழிந்து, சீனி போட்டுக் கலக்கி, லொறி ஐஸ் வந்த ரெஜிபோம் பெட்டியில் மிச்சமிருந்ததில் இரண்டு துண்டு போட்டுக் கொடுத்தேன். இந்த மனிதனுக்கு நான் செய்த ஒரே உபசாரம்.

ஒரு மிடறு குடித்தான். கண் இரண்டும் வெளியே வந்தது.

“இதென்ன, கடலையா கரைச்சனீர்?”

“தேசிக்காய்த் தண்ணி.”

“உப்புக் கரிக்குது. மீனும் மணக்குது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவனுக்கு மீன் ஆணம் குடிக்கத் தாறீரே, உமக்கு மனச்சாட்சி இருக்கா?”

வாங்கி நானும் குடித்துப் பார்த்தேன். உண்மைதான். உப்பு.

கோப்பையைக் கீழே வைத்தேன். மெல்லத் திரும்பிப் பிளாஸ்கைப் பார்த்தோம். அதே பெட்டி, அதே ஐஸ். மேசை லாச்சியில் இருந்த தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே விட்டேன். விழுந்துகொண்டே போனது.

மைனஸ் ஐந்து.

பூச்சியத்தில் நிற்க வேண்டிய முனை ஐந்து பாகை கீழே நிற்கிறது. ஆகவே மேலே ஐந்து பாகை கூடத் தெரிகிறது. மிஸ் வீட்டு ஐஸ் வந்த நாளெல்லாம் சரி. லொறி ஐஸ் வந்த நாளெல்லாம் பிழை. சுத்த வெள்ளியை உருக்கிய இரண்டு நாளும் மிஸ் கொண்டுவந்த ஐஸ் அல்லது எங்கள் பழைய பிரிட்ஜ் ஐஸ். ஐஸில் உப்புப் பட்டால் குளிர் கூடும் என்பது ஓ.எல். படிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குப் பட்டம் இருக்கிறது. தெர்மாமீட்டரும் இருந்தது, லாச்சியில்.

“வாப்பா பெட்டிக்க உப்புப் போடுறவர்தான்,” என்றான் சிறாஜ், சன்னமாக. “நான் சின்னனில இருந்து பாக்கிறன். எனக்கு அது உப்பு எண்டே தோணேல்ல. ஐஸ் எண்டால் அப்பிடித்தான்.”

பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. வயிறு நோகும்வரை சிரித்தோம். ஜின் கிடைத்துவிட்டது. மீன் மணக்கும் ஜின்.

13.03.2025, வியாழன். போயா விடுமுறை

மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். முதலில் அவரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

பழைய விடையைத் திரும்பப் பெற்று, காரணத்தையும் எழுதி, புதிதாக அளந்து அனுப்பலாம் என்றேன்.

“உமக்கு விளங்கேல்ல. பெரிய லாப் ஒண்டு பிழை விட்டால் ‘பிழை’ எண்டுவினம். நாங்கள் விட்டால் ‘கிளிநொச்சி’ எண்டுவினம்.”

“அப்ப சரியா வந்தால் அதுவும் கிளிநொச்சி தானே மிஸ்?”

எழுந்தார். ரீ போடக் குசினிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. ரீ வந்தபோது ஆறியிருந்தது. “அளந்து பாரும்,” என்றார். “அளந்து முடிச்சிட்டுக் கதைப்பம்.”

பின்னேரம் சிறாஜிடம் தொலைபேசியில் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

“‘ஐஸ் பிழை’ எண்டு எழுதும். மீன்பெட்டி எண்டு எழுதாதேயும்.”

“ஏன்? அதுதானே நடந்தது?”

“உமக்கு விளங்காது. எத்தினை பேர் வேலை செய்தாலும், கெடுத்தது ஆர் எண்டு வரேக்க ‘அந்த முஸ்லிம் பெடியன்’ எண்டுதான் வரும்.”

எனக்கு விளங்காதாம். எனக்கு! ‘அதுக்கு முன்னம்?’ என்ற கேள்வியைச் சோற்றோடு தின்று வளர்ந்தவளுக்கு. கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு: அவன் சொன்னது பொய்யா? இல்லையே. பீடத்தில் போன வருடம் ஒரு புரொஜெக்டர் காணாமல் போனபோது முதலில் யாரைக் கேட்டார்கள்? பிறகு அது டீன் அறையிலேயே இருந்தது. அவனிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அப்போது வாய் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது, திறந்தேன், வழக்கம்போல. பலன் இல்லை.

அப்படியென்றால் என்ன எழுதுவது? அரை உண்மை எழுதினால் அதுவும் 1073.5 தான்.

14.03.2025, வெள்ளி

காலையில் சந்தைக்குப் போனேன். லொறி நின்றது. சிறாஜ் எனக்கு முதலே வந்து நிற்கிறான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவனுடைய வாப்பா முத்தலிப் காக்கா பாரைமீன் ஒன்றைத் தூக்கி யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார். மகன் நடந்ததை ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கண்டதும் மீனைக் கீழே வைத்துவிட்டார்.

“வாங்கோ மகள்! என்ர ஐஸ் வெள்ளியையே ஏமாத்திப்போட்டுதாமே?”

“ஓம் காக்கா. ஜெர்மனியையும் ஏமாத்தப் பாத்தது.”

“உப்புப் போடாட்டி மீன் பரந்தன் தாண்டாது. இவனுக்கு உது தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து உப்பு அள்ளிப் போட்டவனே இவன்தான்! படிச்சு மறந்திட்டான்.”

“வாப்பா, சும்மா இருங்கோ.”

“ஏன்டா சும்மா இருக்கிறது? களவெடுத்தனியா? மீன் பழுதாகாமல் இருக்கப் போட்ட உப்பு. தொண்ணூறில இஞ்சயிருந்து துரத்தப்பட்டு, புத்தளத்தில அகதியாக் கிடந்து வந்து, இந்த லொறியால உன்னைப் படிப்பிச்சனான். இதில என்ன ஒளிப்பு?” என்னிடம் திரும்பி: “எழுதுங்கோ மகள். முத்தலிப்பின்ர மீன்பெட்டி எண்டு பேரோட எழுதுங்கோ. ஜெர்மனியில யாவாரம் பிடிக்கலாம்.”

சிறாஜ் வானத்தைப் பார்த்தான். பிறகு தன்னை அறியாமல் சிரித்தான். “பேர் வேண்டாம். மீன்பெட்டி மட்டும் போடும்,” என்றான்.

காக்கா ஒரு பாரைமீனைப் பையில் போட்டுத் தந்தார். நல்ல காலம், லாபுக்குப் போகும் வழியில் மிஸ்ஸின் வீட்டு பிரிட்ஜ் இருந்தது.

18.03.2025, செவ்வாய்

நகரத்துக் கூல்பாரில் ஐஸ் வாங்குகிறோம். ஒவ்வொரு முறையும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, நக்கியும் பார்க்கிறோம். கடைக்காரருக்கு நாங்கள் சுகாதாரப் பரிசோதகர்கள் என்று சந்தேகம். கடை பளிச்சென்று இருக்கிறது.

சுத்த வெள்ளி 961.7. முதலாம் துண்டு 1071, 1071, 1070.8. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே, பல்வரிசைபோல.

19.03.2025, புதன்

கடிதத்தை நான்தான் எழுதினேன். முன்பு அனுப்பியதை நீக்கிவிடுங்கள். குளிர்முனைக்கு வைத்த ஐஸ் மீன் ஏற்றும் பெட்டியிலிருந்து வந்தது. அதில் உப்பு இருந்தது. அதன் வெப்பநிலையைச் சோதிக்காதது எங்கள் தவறு. புதிய அளவுகள் கீழே. பொறுப்பு: தர்மிளா மாயாண்டி. பிளாஸ்கை நிரப்பியது ஒவ்வொரு நாளும் நான்தானே.

மிஸ் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. பேனையை எடுத்து என் பெயருக்கு மேல் தன் பெயரை எழுதினார்.

“பிழைக்குப் பொறுப்பு எண்டு வரேக்க சீனியோரிற்றி பாக்கிறது எங்கட நாட்டில வழக்கமில்லை மிஸ்,” என்றேன்.

“வாயை மூடிக்கொண்டு அனுப்பும்.”

அனுப்பினேன்.

24.03.2025, திங்கள்

ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பதில். கடைசி நாளுக்குள் வந்ததால் புதியதை ஏற்கிறார்களாம். முடிவு ஏப்ரலில். அடியில் ஒரு கேள்வி: ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ எவ்வளவு உப்பு? அவர்களுடைய மாணவர்களுக்குப் பயிற்சியாக இதையே செய்து காட்டப் போகிறார்களாம்.

சிறாஜ் வாப்பாவுக்குப் போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். “கைக்கணக்குத்தான்,” என்றார் காக்கா. “ஆரின்ர கை எண்டு கேட்டுச் சொல்லு.”

31.03.2025, திங்கள்

பெருநாள். சிறாஜ் வீட்டில் சாப்பிட்டோம், மிஸ்ஸும் நானும். அவனுடைய உம்மா என் தட்டில் வைத்ததை நான்கு பேர் சாப்பிடலாம்.

இன்றோடு சிறாஜுக்கும் எனக்கும் வேலை முடிந்தது.

09.04.2025, புதன்

வீட்டில். அப்பாவோடு வயலுக்குப் போகிறேன். கை சும்மா இருந்தால் வாய் கூடுகிறது என்கிறார் அம்மா. தொழிற்சாலைக்கு ‘ஓம்’ சொல்லிவிட்டேன். 21ஆம் திகதி தொடக்கம்.

‘ஓம்’ என்று சொன்னபோது குரல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கிணற்றடியில் முகம் கழுவவே நேரம் போனது. வேலை கிடைத்ததற்கு அழுகிற ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கம்.

16.04.2025, புதன்

மூன்றும் எல்லைக்குள்!

மூன்றும்!

வயலில் நின்றபோது மிஸ் போன் எடுத்தார். சொல்லத் தொடங்கினார், சொல்ல முடியவில்லை. “வடிவாயிருக்கு, வடிவாயிருக்கு” என்று மட்டும் சொன்னார். ஒரு வருடத்தில் மூன்று தரம்! நான் வரம்பிலிருந்து சேற்றுக்குள் குதித்தேன். அப்பா ஓடிவந்தார், பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து.

“என்னா புள்ள, என்னா ஆச்சி?”

“மூனு வருசம்ப்பா! இங்கயே!”

“அப்ப ஜெர்மனி?”

“அவங்க அனுப்புவாங்க, நாங்க இங்க செய்வோம்.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “சரி, நா ஊர்ல திருத்திச் சொல்லிக்கிறேன்,” என்றார்.

தொழிற்சாலைப் பெண்ணுக்கு நானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு அண்டைக்கே தெரியும். பொத்தான் எண்டோன்ன உங்கட சத்தம் செத்துப்போச்சு,” என்றாள்.

16.06.2025, திங்கள்

மொலிப்டினம்–பலேடியம் துண்டுகள் போன கிழமை வந்தன. சூட்டில் இளகாத குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, ஆயிரத்து நூறு பாகையில் நாட்கணக்கில் வைத்து, சட்டென்று தண்ணீரில் போட்டு, வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். உள்ளே ஒரே வகை மணிகளா, இரண்டு வகையா? ஒரே வகை இரண்டு வகையாக மாறும் இடம்தான் எல்லை. கரண்ட் போனால் எல்லாம் வீண். சிறாஜ் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டுவிட்டான்.

எங்களுக்கு உதவிக்கு ஓர் ஆள் எடுக்கலாம் என்று திட்டத்தில் இருக்கிறது. இன்று பிரேமிளா வந்தாள். புதுக்குடியிருப்புப் பிள்ளை, போன வருடம் பட்டம் முடித்தவள். பஸ் பிந்தியதால் வியர்த்து ஓடிவந்தாள். எந்த ஊர் என்று சுயவிவரத்தில் இருந்தது. அதற்கு முன்னம் என்று ஒருவரும் கேட்கவில்லை. உலையைக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இது எவ்வளவு காலத்து வேலை?” என்று கேட்டாள்.

“மூண்டு வருசம்.”

“மூண்டு வருசமும் இஞ்சயேதானா?”

“இஞ்சயேதான்.”

தலையாட்டினாள். கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு, “மிஸ், முதல் என்ன செய்ய?” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன், சுரேகா மிஸ் எப்போது உள்ளே வந்தார் என்று. ஒருவரும் இல்லை.

அக்கா என்று கூப்பிடச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம்.